உங்கள் கிளினிக் கொப்பியை யார் பார்க்கலாம்?

திரும்பி வந்த முதல் சில மாதங்களில் உங்கள் வாசலுக்குப் பலர் வருவார்கள். கிராம உத்தியோகத்தர் வருவார், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் வருவார், குடும்பநல மருத்துவமாது வருவார். எங்களைப் போன்ற நிறுவனங்களின் பிள்ளைகளும் வருவார்கள். முன்பு கையில் கொப்பி இருந்தது, இப்போது போன் அல்லது டெப் இருக்கிறது. வீட்டில் எத்தனை பேர், யாருக்குச் சீனி வருத்தம், யாருக்குப் பிரஷர், யார் கர்ப்பமாக இருக்கிறார், யார் இரவில் தூங்க முடியாமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பார்கள். கடைசியில், "அம்மா, இந்த இடத்துல ஒரு கையெழுத்து வைங்க" என்பார்கள்.

நம் ஆட்கள் கையெழுத்து வைத்துவிடுவார்கள். வாசித்துப் பார்த்து வைப்பதில்லை. "வைக்காட்டி லிஸ்ட்டுல பேரு விட்டுப் போயிரும்" என்ற பயம்தான் காரணம். இந்தப் பயத்தை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்தில் ஒரு தாள் மனிதனை எவ்வளவு ஆட்டிவைக்கும் என்பதை நம் பாட்டன் பூட்டன் பார்த்திருக்கிறார்கள். கடனை எழுதிய 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாத காலம் இருந்தது. 1921இல்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது. பிறகு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பத்திரத்துக்காக அலைந்த குடும்பங்கள் இன்றும் நம் லயங்களில் இருக்கின்றன. அதிகாரி நீட்டும் தாளுக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் பழக்கம் நமக்கு எப்படி வந்திருக்கும்?

இந்தப் பாடம் அந்த ஒரு சொல்லைப் பற்றியது. உங்கள் நோய் விபரத்தை எப்போது கொடுக்க வேண்டும், எப்போது மறுக்கலாம், மறுத்தால் என்ன ஆகும், என்ன ஆகக்கூடாது என்பதை இதில் பார்ப்போம்.

மண் கொண்டுபோன கொப்பிகள்

விபரம் கொடுப்பதே ஆபத்து என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பூனாகலை மக்களுக்கு அதை அதிகம் விளக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை இறங்கியபோது லயங்களோடு சேர்ந்து வீட்டுப் பெட்டிகளும் போயின. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பிள்ளையின் தடுப்பூசி அட்டை எல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தன. காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே முதல் நாட்களில் மாறி மாறி வந்தது. 2023 மார்ச் 19 இரவு பூனாகலை கபரகலைப் பிரிவில் மண் சரிந்தபோதும் மக்கள் உடுத்த துணியோடு ஓடினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் முழுவதும் அதே கதை.

தற்காலிக இடத்தில் வைத்தியர் முதலில் கேட்பது, "என்ன மருந்து குடிக்கிறீங்க?" என்றுதான். "வெள்ளைக் குளுசை ஒன்னு, மஞ்சக் குளுசை அரை" என்று பதில் வரும். நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வைத்தியரும் மருந்து எழுத முடியாது. கொப்பி மண்ணுக்குள் போனாலும் அதன் பிரதி வேறு ஓரிடத்தில் இருந்தால் அந்த மனிதருக்கு அன்றே சரியான மருந்து கிடைக்கும். கணினிப் பதிவின் பெரிய பயன் இதுதான்.

இலங்கையின் அரச வைத்தியசாலைகள் பலவற்றில் இப்போது இந்த முறை இருக்கிறது. முதல் தடவை போகும்போது பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி ஆகியவற்றைப் பதிந்துகொண்டு 11 இலக்கம் கொண்ட தனிநபர் சுகாதார இலக்கம் ஒன்றைத் தருவார்கள். அது ஓர் அட்டையில் கோடுகளாகவோ சிறு கட்டங்களாகவோ அச்சிடப்பட்டிருக்கும். அடுத்த முறை அட்டையை இயந்திரத்தில் காட்டினால் பழைய பதிவு திரையில் வரும். அட்டை கிடைத்தவர்கள் அந்த இலக்கத்தை வேறு ஓரிடத்திலும் எழுதி வையுங்கள். மகன் கொழும்பில் இருந்தால் அவரிடம் சொல்லி வையுங்கள்.

ஆகவே வைத்தியருக்கு, தாதிக்கு, மருந்து கொடுப்பவருக்கு, இரத்தம் பரிசோதிப்பவருக்கு உண்மையைச் சொல்லுங்கள், முழுதாகவே சொல்லுங்கள். அவர்களிடம் மறைத்தால் கேடு உங்களுக்குத்தான். கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்தத் திரையிலிருந்து உங்கள் விபரம் வேறு யாருக்குப் போகிறது?

ஒரு கையெழுத்தில் இரண்டு சம்மதம்

வைத்தியம் பார்க்க விபரம் கொடுப்பது ஒரு சம்மதம். அந்த விபரத்தை இன்னொருவருக்குக் கொடுக்க விடுவது வேறொரு சம்மதம். பெரும்பாலான சிக்கல் இவை இரண்டையும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் கட்டிவிடுவதால் வருகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். நடமாடும் மருத்துவ முகாம் ஒன்று நடக்கிறது. உங்களுக்குக் கண் பரிசோதனை செய்கிறார்கள். படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில், "எனது விபரங்களைப் பங்காளி நிறுவனங்களுடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கிறேன்" என்று இருக்கிறது. பங்காளி நிறுவனம் யார்? கண்ணாடி செய்து கொடுக்கும் கடையாக இருக்கலாம். பணம் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனமாக இருக்கலாம். தோட்ட நிர்வாகமாகவும் இருக்கலாம். கண்ணாடிக் கடைக்கு உங்கள் கண்ணின் அளவு தேவை, அது நியாயம். பணம் கொடுக்கும் நிறுவனத்துக்கு எத்தனை பேருக்குக் கண்ணாடி கொடுத்தோம் என்ற எண்ணிக்கை போதும், உங்கள் பெயர் எதற்கு? தோட்ட நிர்வாகத்துக்கு அது எதற்குமே தேவையில்லை. ஒரே வரிக்குள் மூன்று வேறு ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள் பாருங்கள்.

டெப்பில் பதியும்போது இன்னொரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் துறைக்குள் இருப்பவர்களுக்கு இது தெரியும், வெளியே யாரும் பேசுவதில்லை. முதல் திரையிலேயே 'சம்மதமா?' என்ற கேள்வி வரும். 'இல்லை' என்று அழுத்தினால் பல படிவங்கள் அந்த இடத்திலேயே மூடிக்கொள்ளும், அடுத்த கேள்விக்கே போகாது. விபரம் எடுக்கும் பிள்ளைக்கு அன்று இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்ற கணக்கு இருக்கும். அவர் உங்களிடம் கேட்காமலே 'ஆம்' என்று அழுத்திவிட்டு இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிப்பார். உங்கள் பெயரில் ஒரு சம்மதம் பதிவாகிவிட்டது, உங்களுக்குத் தெரியாது. ஆகவே டெப் வந்தால், "மொத ஸ்கிரீன்ல என்னா இருக்கு, வாசிச்சுக் காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். பிள்ளை கோபப்படமாட்டார். கொஞ்சம் வெட்கப்படலாம்.

சம்மதம் என்றால் அதற்குச் சில இலட்சணம் இருக்கிறது. உங்களுக்கு விளங்கும் மொழியில் கேட்டிருக்க வேண்டும். சிங்களத்தில் மட்டும் அச்சடித்த படிவத்தில் தமிழ் வாசிப்பவர் வைத்த கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி, தமிழ்ப் படிவம் கேட்பது சலுகை கேட்பதாகாது. எதற்கு, யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். வெற்றுத் தாளில், பிறகு நிரப்புகிறோம் என்று வாங்கிய கையெழுத்தும் கைநாட்டும் சம்மதமாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மறுக்க இடம் இருந்திருக்க வேண்டும். 'சம்மதித்தால்தான் அரிசி, சம்மதித்தால்தான் கூரைத்தகடு' என்று சொல்லி வாங்கியது சம்மதம் அல்ல.

எங்கள் கையால் நடந்த ஒன்று

மற்றவர்களை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. சில வருடங்களுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் நான் வேலை செய்தபோது ஒரு கிளினிக் நாளில் படம் எடுக்கப் போனேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, கிளினிக் அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். நல்ல வெளிச்சம், நல்ல முகம். "அம்மா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். "எடுங்க மகள்" என்று சிரித்தார். அதைச் சம்மதம் என்று எண்ணிக்கொண்டேன்.

படம் அறிக்கையில் வந்தது. யாரோ அதை ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்கள். போனில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் அட்டையில் அவர் பெயரும், அது எந்தக் கிளினிக்கின் அட்டை என்பதும் வாசிக்க முடிந்தது. அது மனநலக் கிளினிக். அவருடைய மகளுக்கு அந்த மாதம் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். வரவில்லை. அந்த அம்மா என்னிடம் சண்டை பிடிக்கவில்லை. "நீங்க படந்தானே கேட்டீங்க மகள், அட்டையையா கேட்டீங்க?" என்று மட்டும் சொன்னார்.

அறிக்கையிலிருந்து படத்தை எடுத்தோம். குழுவிலிருந்தவர்களிடமும் அழிக்கச் சொன்னோம். ஆனால் எத்தனை போனில் அது ஏற்கெனவே இறங்கியிருந்தது என்று யாருக்குத் தெரியும்? கொப்பியில் எழுதிய விபரத்தை அந்தக் கொப்பியைக் கையில் எடுத்தவர்தான் பார்க்க முடியும். போனில் போன விபரம் போன இடமெல்லாம் ஒரு பிரதியை விட்டுவிட்டுப் போகிறது. அந்த அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, ஊரையும் எழுதவில்லை.

மண்சரிவுக்குப் பிறகு தூக்கம் வராமல், மழை பெய்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டு கிளினிக் போகிறவர்கள் நம்மில் அநேகர் இருக்கிறார்கள். அது வெட்கப்பட வேண்டிய விஷயமே அல்ல. ஆனால் அதை யாருக்குச் சொல்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவர்தான், படம் எடுக்கப் போன நான் அல்ல. பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

யாருடைய போன் நம்பர்?

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். படிவத்தில் தொலைபேசி இலக்கம் கேட்டால் நாம் என்ன கொடுக்கிறோம்? தன்னிடம் போன் இல்லாதவர் பக்கத்துக் காம்பரா நம்பரைக் கொடுப்பார். கடை முதலாளியின் நம்பரைக் கொடுப்பவரும் உண்டு. ஒரு வீட்டில் ஒரு போன்தான் இருக்கும், அது மருமகன் கையில் இருக்கும். முகாமில் இருந்தபோது கொடுத்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கும்.

அந்த நம்பருக்குத்தான் கிளினிக் திகதி குறுஞ்செய்தியாக வரும். காச நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு 'மார்புச் சிகிச்சை நிலையத்துக்கு வரவும்' என்று வந்தால், அதை முதலில் வாசிப்பவர் கடை முதலாளி. குடும்பக் கட்டுப்பாட்டு ஊசிக்கு வரும் பெண்ணுக்கு நினைவூட்டல் வந்தால், அதை முதலில் வாசிப்பவர் மாமியார். யாரும் திருடவில்லை, யாரும் கணினியை உடைக்கவில்லை. நாமே கொடுத்த நம்பர் வழியாக விபரம் வெளியே போய்விட்டது.

எனவே நம்பர் கேட்கும்போது, "மெசேஜ்ல நோய் பேரு வருமா மிஸ்?" என்று கேளுங்கள். பெயரும் திகதியும் மட்டும் போடச் சொல்லலாம். 'போன் வேண்டாம், திகதியைக் கொப்பியில் எழுதித் தாருங்கள்' என்றும் சொல்லலாம். சிம் மாற்றியிருந்தால் அடுத்த கிளினிக் நாளில் பழைய நம்பரை எடுத்துவிடச் சொல்லுங்கள். மீள்குடியேறிய குடும்பங்கள் முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது.

கிளினிக் கொப்பியைப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. மகனுக்கு மட்டும் அனுப்புங்கள், குடும்பக் குழுவில் போடாதீர்கள். அந்தக் குழுவில் இருக்கும் சித்தப்பாவின் மச்சானை உங்களுக்கு எவ்வளவு தெரியும்?

சம்மதம் கேட்காமலே போகும் விபரங்களும் உண்டு

எல்லாவற்றுக்கும் உங்களிடம் கேட்பார்கள் என்று நாங்கள் சொன்னால் அது பொய். டெங்கு, காச நோய் போன்ற சில தொற்று நோய்களைக் கண்டால் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வைத்தியர் சட்டப்படி கடமைப்பட்டவர். 1897ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு அடிப்படை. அதன்படிதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் வீடு தேடி வருகிறார். அவரை வாசலில் நிறுத்தி 'சம்மதம் கேட்டீர்களா' என்று கேட்பதில் பயனில்லை. வீட்டிலிருக்கும் மற்றவர்களுக்கும் நோய் வந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த வழி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. நினைவிழந்து கிடப்பவரைக் காப்பாற்றத் தேவையான விபரத்தையும், நீதிமன்றம் கட்டளையிட்டுக் கேட்கும் விபரத்தையும் அப்படியே சொல்லலாம்.

ஆனால் அந்த வழி சுகாதார அதிகாரி வரைக்கும்தான் போகிறது. அவர் உங்கள் நோயைப் பிரட்டுக் களத்தில் வைத்துச் சொல்ல முடியாது. சங்கத் தலைவருக்கோ, நுண்கடன் கொடுக்கும் கம்பெனிக்கோ, வெளிநாட்டு வேலை முகவருக்கோ சொல்ல முடியாது. தோட்ட டிஸ்பென்சரியில் இருக்கும் வைத்திய உதவியாளர் தோட்டத்தில் சம்பளம் வாங்குபவராக இருக்கலாம். அதற்காக உங்கள் வருத்தத்தைத் தொரையிடம் சொல்லலாம் என்று ஆகாது. எத்தனை நாள் வேலைக்கு வர முடியாது என்ற சீட்டு நிர்வாகத்துக்குப் போதும். என்ன நோய் என்பது அந்தச் சீட்டில் எழுதப்பட வேண்டியதில்லை.

விஷயம் வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வடமேல் மாகாணத்தில் ஒரு சிறுவனின் தந்தை எயிட்ஸ் நோயால் இறந்தார் என்று ஊரில் கதை பரவியது. பரிசோதனையில் சிறுவனுக்கு எச்.ஐ.வி. இல்லை என்று தெரிந்த பிறகும் மற்றப் பெற்றோர் எதிர்த்தார்கள், பாடசாலைகள் சேர்க்க மறுத்தன. உயர் நீதிமன்றம் வரை போய், 2016இல் கண்டியில் ஒரு பாடசாலையில்தான் அவனுக்கு இடம் கிடைத்தது. அங்கே பரவியது உண்மையான நோய் விபரம்கூட அல்ல, வெறும் வதந்தி.

சட்டம் எங்கே நிற்கிறது?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2022 மார்ச் 19ஆம் திகதி சபாநாயகர் அதற்குச் சான்றுரைத்தார். கபரகலையில் மண் சரிந்ததற்குச் சரியாக ஒரு வருடம் முன். சுகாதார விபரத்தையும் பிள்ளைகளின் விபரத்தையும் இந்தச் சட்டம் விசேட வகை என்று தனியே பிரித்து, கூடுதல் கவனம் கேட்கிறது. சம்மதம் கேட்கும் பகுதி மற்ற விஷயங்களோடு கலக்காமல் தெளிவான எளிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தை எப்போதும் திரும்பப் பெறலாம். தன்னைப் பற்றி என்ன பதிந்திருக்கிறார்கள் என்று பார்க்கவும், பிழையாக இருந்தால் திருத்தச் சொல்லவும் உரிமை உண்டு. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் சம்மதம் கொடுக்க வேண்டும். ஆசிரியரோ, முகாம் பொறுப்பாளரோ, நாங்களோ அதைக் கொடுக்க முடியாது.

சட்டத்தை மேற்பார்வை செய்யத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 முதல் அமுலுக்கு வரவிருந்து, பின்போடப்பட்டன. அதே வருடத்தில் திருத்தச் சட்டமும் வந்தது. ஆகவே இந்தச் சட்டத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நாளைக்கே ஒருவரை மடக்கிவிடலாம் என்று நாங்கள் ஆசை காட்டமாட்டோம்.

ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதும் ஒன்றும் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஒருவரின் மருத்துவப் பதிவை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வேறொருவருக்கு வெளிப்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. யாராவது ஒருவர் தகவல் உரிமை என்று விண்ணப்பித்து உங்கள் வைத்தியசாலைப் பதிவை வாங்கிவிட முடியாது. அரச பணமோ வெளிநாட்டு அரசுகளின் பணமோ பெருமளவு பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அதாவது எங்களையும் கேள்வி கேட்கலாம். வைத்தியர் நோயாளியின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது இலங்கை மருத்துவப் பேரவையின் ஒழுக்க விதி. மீறினால் அங்கே முறையிடலாம்.

பெரிய இடத்திலிருந்தும் கசியும்

"பெரிய நிறுவனம், பத்திரமா வச்சிருப்பாங்க" என்று பலர் சொல்வார்கள். சிங்கப்பூரை விட ஒழுங்கான இடம் எது? 2019 ஜனவரியில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு, எச்.ஐ.வி. உள்ள 14,200 பேரின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் வெளியானதாக அறிவித்தது. அவர்களில் 8,800 பேர் வெளிநாட்டவர். வேலைக்கும் விசாவுக்கும் பரிசோதனை செய்துகொண்டவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். நம் பிள்ளைகளும் வெளிநாடு போகும்போது அதேபோல் இரத்தம் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் கணினிகளுக்குள் யாரோ புகுந்தார்கள். போரிலும் அனர்த்தத்திலும் இடப்பெயர்விலும் பிரிந்துபோன 515,000க்கும் அதிகமானவர்களின் விபரம் அதில் இருந்தது. காணாமல் போன உறவைத் தேடித் தரச் சொல்லிக் கொடுத்த விபரம். செஞ்சிலுவைச் சங்கம் அதை மறைக்காமல் தானே அறிவித்தது. அதுதான் சரியான முறை. ஆனால் அங்கேயே நடந்தது என்றால், பண்டாரவளையில் ஓர் அறையில் மேசைக் கணினியில் பட்டியல் வைத்திருக்கும் எங்களைப் பற்றி நீங்கள் கேள்வி கேட்பது முற்றிலும் நியாயம். எங்களிடம் இல்லாத விபரம் எங்களிடமிருந்து கசியாது. ஆகவே தேவைக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வீட்டுப் பட்டியல் விஷயத்தில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். வீடு, கூரைத்தகடு, உதவித்தொகை பெறுபவர்களின் பெயரைப் பலகையில் ஒட்டுவது நல்லது, யாருக்குக் கிடைத்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலின் கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு' என்று போட்டு 'புற்றுநோய்', 'மனநோய்', 'தனித்து வாழும் தாய்' என்று எழுதி ஒட்டுவதை நான் கண்டிருக்கிறேன். முன்னுரிமை கொடுக்கக் காரணம் வேண்டும்தான். அது கோவையில் இருக்கட்டும், பலகையில் வேண்டாம். பலகையில் கண்டால் அன்றே போய் அந்தக் கட்டத்தை மறைத்து ஒட்டச் சொல்லுங்கள். இலக்கம் ஒன்றும் பெயரும் போதும்.

மறுப்பது எப்படி?

முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லத் தேவையில்லை. நம் ஆட்களுக்கு அது வரவும் வராது. ஒரு பாட்டி சொன்ன முறை எனக்குப் பிடித்தது. விபரம் எடுக்க வந்த பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு இப்படிப் பேசினார்:

"இத எங்க அனுப்புவீங்க தம்பி?"

"ஆபிசுக்கு, பாட்டி."

"ஆபிசுலருந்து?"

"கொழும்புக்கு."

"கொழும்புலருந்து?"

"அது... எனக்குத் தெரியல பாட்டி."

"அப்ப தெரிஞ்சிக்கிட்டு வாங்க. மருந்துச் சீட்டு வேணும்னா இப்பவே எழுதிக்கங்க. மத்தத அப்புறம் பாப்போம்."

பிள்ளை போய்க் கேட்டுக்கொண்டு மறுநாள் வந்தார். பாட்டிக்கு வரவேண்டிய பொதி குறையவில்லை.

படிவத்தில் பகிரும் வரிக்கு உடன்பாடு இல்லையென்றால் அந்த வரியை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் சின்னதாக உங்கள் கையெழுத்தை வையுங்கள். மற்றப் பகுதிக்குக் கீழே வழக்கம்போல் கையெழுத்து வைக்கலாம். எழுத வாசிக்க முடியாதவர்கள், நம்பிக்கையான ஒருவர் வாசித்துக் காட்டிய பிறகே பெருவிரல் வையுங்கள். அந்த ஒருவர் விபரம் எடுக்க வந்தவராக இல்லாமல் உங்கள் பக்கத்து ஆளாக இருக்கட்டும். பதின்ம வயதுப் பெண் பிள்ளையின் விபரம் என்றால், சட்டப்படி கையெழுத்து உங்களுடையதாக இருந்தாலும் அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நாளைக்கு அந்த விபரத்தோடு வாழப்போவது அவள்.

முன்பு முகாமில் இருந்தபோது என்னென்னவோ கையெழுத்து வைத்துவிட்டோமே என்று கவலைப்படுபவர்கள் இப்போதும் அதைத் திரும்பப் பெறலாம். அதுவரை அனுப்பியதை அது அழித்துவிடாது, இனி அனுப்புவதை நிறுத்தும். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. கீழே உள்ளதைப் பார்த்து எழுதுங்கள்:

பொறுப்பாளர் அவர்களுக்கு,
எனது பெயர் ............. தேசிய அடையாள அட்டை இலக்கம் ............. 20..... ஆம் ஆண்டு ............. மாதம் உங்கள் உத்தியோகத்தர் எனது குடும்பத்தின் சுகாதார விபரங்களைப் பதிந்தார். அவற்றைப் பிறருடன் பகிர்வதற்கு நான் அளித்த சம்மதத்தை இன்று முதல் திரும்பப் பெறுகிறேன். இதுவரை யார் யாருக்கு அனுப்பப்பட்டன என்பதை எழுத்தில் அறியத் தரவும். எனக்குக் கிடைத்துவரும் சிகிச்சையும் உதவிகளும் தொடர வேண்டும்.
கையெழுத்து, திகதி

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் வாங்கியவரின் பெயரையும் திகதியையும் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் நிறுவனத்துக்கு எழுதுவதாக இருந்தாலும் இதே கடிதம்தான். உதவிப் பொதி கொண்டுவரும் பிள்ளையிடம் கொடுத்தாலும் அவர் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் அதையும் திகதி போட்டு அந்தப் பிரதியிலேயே எழுதி வையுங்கள்.